கேன்வாஸ் வண்ணங்களை உடுத்தும் பட்டுக்குக் கொண்டுபோவது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: பிறந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டில் குடியேறிய ஓவியர் ஒருவர் கேன்வாஸில் அக்ரிலிக் தீட்டிவருகிறார். அதே வண்ணங்களை ஸ்கார்ஃப், மேலங்கி என்று உடுத்தும் துணிகளுக்குக் கொண்டுபோக விரும்புகிறார். பட்டில் தீட்டினால் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடிக் கலங்குகின்றன, அலசினால் வெளிறுகின்றன, தோளில் போட்டால் படமே கண்ணில் படுவதில்லை. சோனியா டெலோனே போன்ற குடியேறிய ஓவியர்கள் இதை எப்படிச் செய்தார்கள், எங்கே தொடங்குவது?

மூன்று கோளாறுகளுக்கும் காரணம் வேறு வேறு. நிறங்கள் கலங்குவது, ஈரச் சாயம் தடையில்லாமல் பரவுவதால். வெளிறுவது, சாயம் இழையைப் பிடிக்காததால். படம் காணாமல் போவது, துணி மடியும் என்பதை வரையும்போது கணக்கில் எடுக்காததால். கடைசிக் காரணத்தைத்தான் ஓவியர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். இரண்டு நிறங்கள் எங்கே சந்திக்கின்றன, அந்தச் சந்திப்பு உடலின் எந்த இடத்தில் விழுகிறது என்று முதலில் முடிவு செய்துவிட்டால், மிச்சமிருப்பது பொறுமையும் கொஞ்சம் வேதியியலும்தான்.

சோனியாவின் வழியை இந்தக் கண்ணோடு பாருங்கள். 1885-இல் இன்றைய உக்ரைனில் பிறந்தவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்து, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஓவியம் படித்து, இருபது வயதையொட்டிப் பாரிஸ் வந்து சேர்ந்தார். 1911-இல் கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு, உக்ரைன் உழவர் வீடுகளில் பார்த்த முறையில் துண்டுத் துணிகளை இணைத்து ஒரு போர்வை தைத்தார். முடித்துப் பார்த்தபோது அது, பொருள்களை வடிவத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் கியூபிச ஓவியத்தை நினைவுபடுத்தியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். போர்வை இப்போது பாரிஸின் பொம்பிடு மையச் சேகரிப்பில் இருக்கிறது. 1913-இல் அதே முறையில் பல துணிகளை ஒட்டித் தைத்த உடையை அணிந்துகொண்டு பால் பூலியே நடன அரங்குக்குப் போனார். முதல் உலகப் போர்க்காலம் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் கழிந்தது. 1917 ரஷ்யப் புரட்சியோடு பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்த வருமானம் நின்றுபோகவே, அடுத்த ஆண்டு மாட்ரிட்டில் கடை திறந்தார். பாரிஸ் திரும்பிய பிறகு, 1923-இல் லியோன் நகரப் பட்டு உற்பத்தியாளர் ஒருவர் அவரிடம் ஐம்பது துணி வடிவங்கள் கேட்டார். 1925 பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சியில் உடை வடிவமைப்பாளர் ழாக் ஹேய்முடன் சேர்ந்து கடை போட்டார். 1964-இல் லூவரில் அவருடைய வாழ்நாள் படைப்புகள் காட்சிக்கு வந்தன. உயிரோடிருக்கும்போதே அந்தப் பெருமையைப் பெற்ற முதல் பெண் ஓவியர் அவர்.

இந்த வரலாற்றில் நமக்கு நேரடியாகப் பயன்படும் விஷயம் ஒன்று உண்டு. அவருடைய துணிகளில் நிறங்கள் ஈரத்தில் சந்திப்பதில்லை. ஒட்டுத்துண்டு, நூல்வேலை, மரக்கட்டை அச்சு, எல்லாமே நிறத்துக்கு நிறம் கூரான விளிம்பு தரும் முறைகள். ஆரஞ்சும் நீலமும் அவர் துணியில் அப்படித் துடிப்பதற்கு இந்த விளிம்பே காரணம். அதே இரண்டு நிறங்கள் ஈரப் பட்டில் ஒன்றையொன்று தொட்டால் இடையில் ஒரு பழுப்புக் கோடு உண்டாகி, இரண்டின் வீரியத்தையும் தின்றுவிடும்.

நிறங்களின் அண்டை உறவைப் பற்றிய அறிவே துணித் தொழிலிலிருந்து வந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் இயக்குநராக இருந்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல், கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்கள்தான் கறுப்பை வெளிறிக் காட்டின என்று கண்டார். ஒரே நேரத்தில் பார்க்கப்படும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் விதியை 1839-இல் நூலாக்கினார். சோனியாவும் அவர் கணவர், ஓவியர் ராபர்ட் டெலோனேயும் தங்கள் கலைக்கு வைத்த ‘சிமுல்தானே’ (‘ஒரே நேரத்தில்’) என்ற பெயர் இங்கிருந்து வந்தது. உடுத்தும் துணியில் இந்த அண்டை வீட்டுக்காரர் பட்டியல் இன்னும் நீளம்: கழுத்தின் தோல், கூந்தல், உள்ளே போட்டிருக்கும் சட்டை. ஆகவே மாதிரி நிறங்களை வெள்ளைத் தாளில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். சாயமிட்ட 5 செ.மீ. பட்டுத் துண்டுகளைத் தாடைக்குக் கீழே பிடித்து, ஒருமுறை பகல் வெளிச்சத்திலும் ஒருமுறை வீட்டு விளக்கிலும் பாருங்கள். பச்சை கலந்த மஞ்சள் கேன்வாஸில் அருமையாக இருக்கும், தாடைக்குக் கீழே வந்தால் அதன் எதிரொளி முகத்தைச் சோகை பிடித்ததுபோல் ஆக்கிவிடும். அந்த நிறம் வேண்டுமென்றால் தொங்கும் முனைக்குத் தள்ளுங்கள்.

இனி மடிப்பு. 90 செ.மீ. சதுர ஸ்கார்ஃபை எடுத்துக்கொள்வோம். எதிரெதிர் மூலைகள் இரண்டை நடுவுக்கு மடித்து, மறுபடி மறுபடி மடித்துப் பட்டையாக்கிக் கழுத்தில் கட்டுகிறார்கள். அப்போது வெளியே தெரிவது மற்ற இரண்டு மூலைகளும் அவற்றை இணைக்கும் மூலைவிட்டத்தின் ஒரு பட்டையும் மட்டுமே. சதுரத்தின் நட்டநடு, பிடரியில் கூந்தலுக்கும் காலருக்கும் அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. கேன்வாஸ் பழக்கத்தில் நாம் முக்கிய உருவத்தை வைக்கும் இடம் அதேதான்! முக்கோணமாக மடித்துப் போட்டாலும் பாதித் துணி உள்ளே போய்விடும். நீள ஸ்கார்ஃபிலும் இதே கதை. 180 செ.மீ. நீளத்தில் இரு முனைகளிலும் ஏறக்குறைய 50 செ.மீ. விரிந்து தொங்கும், நடுப்பகுதி கழுத்தில் சுருங்கிக் கொத்தாகிவிடும்.

இதற்கு நல்ல சோதனை இருக்கிறது. அதே அளவில் மெல்லிய பழைய பருத்தித் துணி ஒன்றை வெட்டி, பதினாறு கட்டங்களாகக் கோடு போட்டு, மார்க்கரால் எண் எழுதுங்கள். மூன்று நான்கு விதமாகக் கட்டிப் படம் எடுங்கள். எந்த எண்கள் எல்லாப் படத்திலும் தெரிகின்றனவோ அங்கே வலுவான நிறச் சந்திப்புகளை வையுங்கள். எதிலும் தெரியாத கட்டங்களில் அமைதியான ஒரே நிறம் போதும். தாளில் இதைச் செய்து பயனில்லை, தாள் துணிபோல வளையாது.

மேலங்கி தைப்பதானால் சோனியாவின் பட்டறை 1920-களில் கையாண்ட எண்ணத்தைப் பின்பற்றுங்கள்: துணியின் வடிவமும் உடையின் வெட்டும் சேர்ந்தே பிறக்கவேண்டும். தீட்டிய துணியை வாங்கி வெட்டுவதுபோல உங்கள் ஓவியத்தையே வெட்டினால், வட்டம் அக்குளில் பாதியாகும், கோடு பக்கத் தையலில் தடம் மாறும். முதலில் பட்டுத் துணியை நனைத்து உலர்த்தி இஸ்திரி போடுங்கள். பட்டு முதல் நனைப்பில் சில விழுக்காடு சுருங்கக்கூடும், அந்தச் சுருக்கம் வரைவதற்கு முன்பே நடந்துவிடவேண்டும். பிறகு முன்பாகம், பின்பாகம், கை ஆகியவற்றின் காகித வெட்டுகளை வைத்து, தண்ணீரில் அழியும் பேனாவால் வெட்டுக்கோடும் 1.5 செ.மீ. தையல் விளிம்பும் குறியுங்கள். நிறத்தை அந்தக் கோட்டைத் தாண்டி இன்னும் 2 செ.மீ. வரை கொண்டுபோங்கள். தீட்டி, ஆவியில் நிலைப்படுத்தி, அலசி முடித்த பிறகே கத்தரியை எடுக்கவேண்டும். முதலில் வெட்டினால் அலசும்போது ஓரம் பிரிந்து நூல் நூலாக வரும்.

சாயத்தைத் தேர்ந்தெடுப்பது இழையைப் பொறுத்தது. பட்டும் கம்பளியும் புரத இழைகள், அவற்றுக்கு அமிலச் சாயம். பருத்தி, லினன், விஸ்கோஸ் ஆகியவற்றுக்குச் சோடா சாம்பலோடு வேலை செய்யும் ரியாக்டிவ் சாயம். பாலியஸ்டருக்கு இவை இரண்டுமே ஒட்டாது, உயர்வெப்பத்தில் ஏறும் டிஸ்பெர்ஸ் சாயம் வேண்டும். ‘பட்டு மாதிரி’ பளபளக்கும் துணியில் எவ்வளவு நல்ல பட்டுச் சாயம் பூசினாலும் அலசலோடு போய்விடும். சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பட்டு, தலைமுடி கருகும் வாசனையோடு எரிந்து, விரலில் நொறுங்கும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

அக்ரிலிக் இழைக்குள் போகாது, மேலே படலமாக உட்காரும். டெனிம் சட்டை, துணிப்பை, கனத்த பருத்தி மேலங்கி இவற்றுக்கு அது போதும். அக்ரிலிக்கைத் துணிக்கு ஏற்றபடி இளக்கும் மீடியத்தைப் புட்டியில் சொன்ன விகிதத்தில் கலந்து, மெல்லிய பூச்சாகப் பூசி, ஒருநாள் காயவிட்டு, பின்பக்கத்திலிருந்து ஆவியில்லாமல் சில நிமிடம் இஸ்திரி போட்டால் துவைப்பைத் தாங்கும். ஸ்கார்ஃபுக்கான மெல்லிய பட்டில் மட்டும் அதைப் பூசவேண்டாம் என்பேன். துணி அட்டைபோல் விறைக்கும், மடிந்த இடத்தில் விரிசல் விடும், பட்டின் பளபளப்பு மங்கிவிடும். கேன்வாஸில் கற்ற நிறக்கூட்டல் உங்களோடு வரும், வண்ணக் குழாய்கள் வரவேண்டியதில்லை.

ஆனால் ஒரு பழக்கத்தை விடவேண்டும். சாயத்தில் வெள்ளை கிடையாது. வெள்ளை என்பது தொடாமல் விட்ட துணி. வெளிர் நிறம் வேண்டுமானால் தண்ணீர் சேர்க்கவேண்டும், மஞ்சளுக்கு மேல் நீலம் பூசினால் மறைக்காது, பச்சையாகும். எனவே வேலை எப்போதும் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போகும்.

தொடக்கத்துக்கு 8 மம்மி எடையுள்ள ஹபோட்டாய் (சாதா நெசவில் வரும் மெல்லிய, வழவழப்பான பட்டு) நல்லது. ஒரு மம்மி என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4.34 கிராம், அப்படியானால் 90 செ.மீ. சதுரம் 28 கிராம்தான் வரும். இவ்வளவு மெல்லிய துணியில், நிறங்களைப் பிரிக்கப் பிசினால் போடும் தடுப்புக் கோடு மறுபக்கம்வரை எளிதில் ஊறும், அதுதான் நமக்குத் தேவை. 14 மம்மிக்கு மேலுள்ள கிரேப் (முறுக்கேறிய நூலில் நெய்த பட்டு) வகைகள் உடுத்த அழகானவை, ஆனால் கோடு ஊறாமல் கசியும். கை பழகிய பிறகு அங்கே போகலாம்.

வெதுவெதுப்பான நீரில் சில துளி மென்மையான திரவச் சோப்பு விட்டு அலசி, கடையிலிருந்து வந்த பசையையும் கையெண்ணெயையும் நீக்குங்கள். நீக்காவிட்டால் சாயம் அந்த இடத்தில் மட்டும் ஏறாமல் திட்டாக நிற்கும். துணியைவிடச் சுற்றிலும் 5 செ.மீ. பெரிய சட்டத்தில், மும்முனைக் கொக்கியும் ரப்பர் பேண்டும் போட்டு, 10 செ.மீ.க்கு ஒன்றாக இழுத்துக் கட்டுங்கள். தட்டினால் விம்மவேண்டும். நனைந்ததும் பட்டு தொய்யும், தொய்ந்த இடத்தில் சாயம் குட்டையாகத் தேங்கி அடர்ந்த வட்டமாகிவிடும். நடுவில் ஒருமுறை கொக்கிகளை இறுக்கத் தயாராக இருங்கள்.

கலங்கலைத் தடுப்பது கட்டா என்னும் தடுப்புப் பிசின். கரைப்பானில் கரைவது, தண்ணீரில் கரைவது என்று இரண்டு வகை. வீட்டில் வேலை செய்பவருக்குத் தண்ணீர் வகையே ஏற்றது, கரைப்பான் ஆவி மூச்சுக்குக் கெடுதல். 0.5 முதல் 0.7 மி.மீ. உலோக முனை பொருத்திய புட்டியில் ஊற்றி, முனை துணியைத் தொட்டபடியே சீரான அழுத்தத்தில் நிதானமாக இழுங்கள். வேகமாக இழுத்தால் கோடு மேலேயே நின்றுவிடும், உள்ளே ஊறாது. காய்ந்ததும் சட்டத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். கோடு முழுக்க ஒளி ஊடுருவித் தெரியவேண்டும். ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் போதும், சாயம் அதன் வழியே பாய்ந்து பக்கத்துக் கட்டத்தில் பூப்போல விரியும். அந்த இடங்களைப் பின்பக்கமாகவே அடையுங்கள். கோடுகள் சேரும் மூலைகளும், புட்டியைத் தூக்கி மறுபடி தொடங்கிய இடங்களுமே பெரும்பாலும் ஓட்டை விடும்.

கட்டா விட்டுச்செல்லும் வெள்ளைக் கோடே வேண்டாம், சோனியாவைப்போல நிறமும் நிறமும் நேராக உரசவேண்டும் என்பவர்களுக்கு வேறு வழி உண்டு. பரவலைத் தடுக்கும் அடிப்பூச்சை முதலில் பூசிக் காயவிட்டால், சாயம் தூரிகை வைத்த இடத்திலேயே நிற்கும். முதல் நிறம் முழுக்கக் காய்ந்த பிறகு அடுத்ததை ஒட்டித் தீட்டலாம். பரப்பு பெரிதானால் தூரிகைத் தடம் தெரியும் என்பது இதன் குறை. கூரான வட்டங்களுக்கும் பட்டைகளுக்கும் இதை விரும்புகிறேன், பின்னணிக்குக் கட்டாவே சிறந்தது.

திரவமாக வரும் ஆவிச் சாயங்களை (ஆவியில் வைத்து நிலைப்படுத்துபவை) அப்படியே பயன்படுத்தலாம். தூள் வாங்கினால் 1 கிராமை 100 மி.லி. வெந்நீரில் கரைத்து மூலக் கரைசல் வையுங்கள். தூளைக் கையாளும்போது முகமூடி கட்டாயம், சாயத்துக்கு எடுத்த பாத்திரமும் கரண்டியும் சமையலறைக்குத் திரும்பக்கூடாது. தூள் அமிலச் சாயத்துக்கு அமிலமும் வேண்டும். முன்கூட்டியே துணியை வினிகரில் நனைத்துக் காயவைப்பவர்கள் உண்டு, ஆனால் வினிகரின் அமிலம் காயும்போது பெரும்பகுதி பறந்துவிடும். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் கலந்த நீரில் நனைத்துக் காயவைத்தால் அது இழையிலேயே தங்கும்.

பின்னணி நிறத்தை ஒரே தடவையில் 50 மி.லி.யாவது கலந்துகொள்ளுங்கள். நடுவில் தீர்ந்தால் அதே நிறத்தை மறுபடி பிடிப்பது கடினம், அதற்குள் ஈர விளிம்பு காய்ந்து கோடாகிவிடும். இந்தக் கோடு ஏன் வருகிறது தெரியுமா? சாயம் தண்ணீரோடு விளிம்புவரை ஓடி, தண்ணீர் மட்டும் ஆவியாகி, நிறம் அங்கே குவிகிறது. பெரிய பரப்பை அகலத் தூரிகையாலோ பஞ்சாலோ நிறுத்தாமல் நனைத்து முடிப்பதே மருந்து. அப்படி ஒரு கோடு விழுந்துவிட்டால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் இழை சிலும்பிவிடும். அந்தக் கட்டம் முழுவதையும் மறுபடி ஈரமாக்கி, விளிம்பை வடிவத்தின் ஒரு பகுதியாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு ஸ்கார்ஃபுக்கு ஐந்தாறு நிறத்துக்கு மேல் வேண்டாம். தீட்டுவதற்கு முன் மாதிரித் துண்டுகளை வரிசையாக அடுக்கி, கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நிறங்கள் கலந்த குழப்பம்தான் தெரியும். ஒன்றிரண்டை வெளிறச் செய்து, ஒன்றைக் கறுப்பை நோக்கித் தள்ளுங்கள். சோனியா தன் துணிகளில் கறுப்பையும் வெறும் வெள்ளையையும் தாராளமாக விட்டிருப்பது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன், பிரகாசமான நிறங்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

வெளிறுவதற்கான விடை ஆவி. காய்ந்த பட்டுத் துணியை அச்சிடாத செய்தித்தாளின் மேல் விரித்து, துணி துணியைத் தொடாதபடி தாளோடு சுருட்டுங்கள். தொட்டால் ஒன்றின் சாயம் மற்றதில் அச்சாகும். சுருளைத் தளர்வாக வளைத்து நூலால் கட்டி, உயரமான பானையில் 3 முதல் 5 செ.மீ. தண்ணீருக்கு மேலே, தாங்கியில் வையுங்கள். மூடியைத் தடித்த துண்டால் சுற்றி, சுருளுக்கு மேலே அலுமினியத் தாளைக் குடைபோல் கவியுங்கள். மூடியிலிருந்து ஒரே ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த இடத்தில் நிறம் கரைந்து வட்டமாகிவிடும். சிலர் பயத்தில் சுருளையே அலுமினியத் தாளில் இறுகப் பொதிந்துவிடுகிறார்கள். அப்போது ஆவி உள்ளே போகாமல் சாயம் பாதி நிலைப்படாமல் நிற்கிறது, அலசும்போதுதான் தெரியவரும். சிறு சுருளுக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம், தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவியிலிருந்து வெளிவரும் நிறம் உள்ளே போனதைவிட ஆழமாகவும் பளிச்சென்றும் இருக்கும், ஆகையால் உங்கள் மாதிரித் துண்டுகளையும் ஆவியில் வைத்த பிறகே மதிப்பிடவேண்டும்.

ஒருநாள் ஆறவிட்டு, ஓடும் குளிர்ந்த நீரில் துணியை அசைத்துக்கொண்டே அலசுங்கள். மிகுதிச் சாயம் வெளியேறுவது இயல்பு, அடர் சிவப்பும் டர்க்காய்ஸும் அதிகமாகவே விடும். நீரில் ஊறப்போட்டுவிட்டுப் போனால் அந்தச் சாயம் வெள்ளைக் கோடுகளில் ஏறி உட்காரும். நீர் தெளிந்த பிறகு வெதுவெதுப்பான சோப்பு நீரில் கட்டாவைக் கரைத்து, துண்டில் சுருட்டி ஈரம் ஒற்றி, அரை ஈரத்திலேயே பட்டுக்கான சூட்டில் இஸ்திரி போடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு போட்டால் சுருக்கம் போகாது.

குடியேறிய ஓவியருக்கென்று ஒரு சொல். ஊரில் பழகிய வண்ணத்தின் பெயர் புதிய நாட்டுக் கடையில் இருக்காது, இருந்தாலும் வேறு நிறமாக இருக்கும். பெயரை விட்டுவிட்டு, குழாயின் பின்புறமுள்ள நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். அல்ட்ராமரைன் நீலம் எங்கே வாங்கினாலும் பி.பி. 29, குயினாக்ரிடோன் மஜந்தா பி.ஆர். 122. சாயங்களுக்கும் இப்படிச் சர்வதேச எண்கள் உண்டு, நல்ல தயாரிப்பாளர்கள் விவரத் தாளில் தருவார்கள். நாடு மாறும்போது வெளிச்சமும் மாறும். மேகம் மூடிய சாம்பல் பகலில் கலந்த நிறம் உச்சி வெயிலில் கத்தும், வெயிலில் கலந்தது மேகத்தில் மந்தமாகும். துணி எந்த வெளிச்சத்தில் உடுத்தப்படப் போகிறதோ அந்த வெளிச்சத்தில் கலந்துகொள்ளுங்கள். பழைய நாட்டின் நிறங்களை நினைவிலிருந்து எடுக்கும்போது தனித்தனி நிறமாக எடுக்காமல் ஜோடியாக எடுங்கள்: எந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் எந்தப் பச்சை இருந்தது, எவ்வளவு அகலத்தில் இருந்தது. சோனியா உழவர் வீட்டிலிருந்து எடுத்துவந்ததும் துண்டும் துண்டும் அடுத்தடுத்து உட்காரும் அந்த ஒழுங்கைத்தான்.

ஓரத்தை இயந்திரத்தில் தைக்காதீர்கள். தடித்த விளிம்பு மெல்லிய பட்டின் வளைவைக் கெடுக்கும். 5 மி.மீ. ஓரத்தை விரலால் உருட்டி, அதே நிறப் பட்டு நூலால் ஒளிவுத் தையல் போடவேண்டும். வாங்குபவருக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்: தனியாக, குளிர்ந்த நீரில், கையால் அலசவும், முறுக்கிப் பிழியவேண்டாம், நிழலில் உலர்த்தவும், வாசனைத் திரவியத்தை அடித்துக் காய்ந்த பிறகு கட்டிக்கொள்ளவும். கடைசியதை யாரும் எழுதுவதில்லை, ஆனால் அதிலுள்ள ஆல்கஹால் சாயத்தைக் கரைத்துக் கழுத்துப் பகுதியில் கறை விடக்கூடும்.